பிவிபி சண்டையில் புதியவர் தாக்குப்பிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஃபேன்டசி ஆன்லைன் கேம்களுக்குப் புதியவர் ஒருவர். மான்ஸ்டர்களை அடித்து லெவல் ஏற்றுவதில் அவருக்குச் சிரமம் இல்லை. ஆனால் வேறொரு பிளேயர் மேலே பாய்ந்தால், என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் செத்துப்போகிறார். பிவிபியில், அதாவது பிளேயரும் பிளேயரும் மோதும் சண்டையில், அவர் பிழைக்க என்ன வழி?

ஜெயிப்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்களைக் கொல்ல எதிராளிக்கு ஆகும் நேரத்தை நீட்டிப்பதுதான் முதல் வேலை. மூன்று நொடியில் விழுகிறவர் பன்னிரண்டு நொடி நிற்கக் கற்றுக்கொண்டால் சண்டையே வேறு மாதிரி ஆகிவிடும். அதற்குள் எதிராளியின் பெரிய அடிகள் தீர்ந்திருக்கும், பக்கத்தில் இருக்கும், மற்றவர் உயிரை ஏற்றிவிடும் ஹீலர் கவனித்திருப்பார், ஓட ஒரு வழி திறந்திருக்கும். நான் கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்தச் சில நொடிகளை எப்படிச் சம்பாதிப்பது என்பதைப் பற்றித்தான்.

மான்ஸ்டரோடு சண்டை போட்ட பழக்கம் இங்கே ஏன் கைகொடுப்பதில்லை? மான்ஸ்டர் பெரும்பாலும் அதன் இடத்தில் நிற்கும், நீங்கள்தான் நேரம் பார்த்துப் போய் அடிப்பீர்கள். பிளேயர் விஷயத்தில் அது தலைகீழ். நீங்கள் ஒரு மான்ஸ்டரோடு மல்லுக்கட்டி, உயிர் பாதியாகி, மந்திர சக்தியான மானாவும் குறைந்து நிற்கும்போதுதான் அவர் வருவார். வந்ததும் முதலில் ஸ்டன் செய்வார், அதாவது சில நொடிக்கு உங்கள் கையைக் கட்டிப்போடுவார். அந்த இடைவெளியில் தன்னிடம் இருக்கும் மிகப் பெரிய அடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார். இதைத்தான் பர்ஸ்ட் என்கிறார்கள். ஆனால் அந்தப் பெரிய அடிகளுக்கெல்லாம் கூல்டவுன் உண்டு. ஒருமுறை பயன்படுத்தினால் திரும்ப வர ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஆகும். பர்ஸ்ட் முடிந்தும் நீங்கள் நின்றுகொண்டிருந்தால், எதிரே இருப்பவர் திடீரென்று சாதாரண ஆளாகிவிடுவார். அனுபவமுள்ள பல பிளேயர்கள் அந்தக் கட்டத்தில் பின்வாங்கிவிடுவதைப் பார்க்கலாம்.

சண்டைக்கு முன்பே முடிவாகிவிடும் சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். முதலாவது, நீங்கள் நிற்கும் இடத்தில் என்ன சட்டம் நடக்கிறது என்பது. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனில் ஊர் எல்லையைத் தாண்டினால் யாரும் யாரையும் கொன்று பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தது. புதியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து, 2000இல் அதே உலகத்தின் இன்னொரு பிரதியை உருவாக்கி, அதில் சம்மதம் இல்லாமல் யாரையும் தாக்க முடியாதபடி செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த பல கேம்கள் ஏதோ ஒரு விதத்தில் இந்தக் கோட்டைப் போட்டே வருகின்றன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2018 முதல் வார் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதை நீங்களாக ஆன் செய்யாத வரை திறந்த வெளியில் எவரும் வந்து உங்களை அடிக்க முடியாது. ஆன் செய்தால் அனுபவப் புள்ளி கூடுதலாகக் கிடைக்கும் என்று ஆசைகாட்டும். லெவல் ஏற்றும் நாட்களில் அந்த ஆசைக்கு விழாதீர்கள்.

ஆல்பியன் ஆன்லைனில் நிலப்பகுதிகளுக்கு நிறம் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் பகுதியில் தோற்றால் மயங்கி விழுவீர்கள், பொருள் தேயும், அவ்வளவுதான். சிவப்பிலும் கறுப்பிலும் செத்தால் உடம்பில் மாட்டியிருப்பது, பையில் இருப்பது எல்லாம் போய்விடும். மஞ்சளிலிருந்து சிவப்புக்கு ஒரே ஒரு வாசல்தான் தூரம். எனவே வாசலைத் தாண்டும் முன் நிறத்தைப் பார்ப்பது ஒரு பழக்கமாக வேண்டும்.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பின் வைல்டர்னஸ் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சட்டம் தெரிந்தவர் பிழைப்பார் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. வடக்கே போகப் போக வைல்டர்னஸ் லெவல் ஏறும். நீங்கள் நிற்கும் இடத்தின் லெவல் 10 என்றால், உங்கள் சண்டை லெவலைவிட 10 கூடவோ குறைவாகவோ உள்ளவர்கள் மட்டும்தான் உங்களைத் தாக்க முடியும். சண்டை லெவல் 60 உள்ள ஒருவரை 50 முதல் 70 வரை உள்ளவர்கள் தாக்கலாம். இன்னும் உள்ளே போனால் இந்த வட்டம் விரியும். லெவல் 20க்கு மேலே போய்விட்டால் சாதாரண டெலிபோர்ட், அதாவது நொடியில் வேறிடம் பாயும் மந்திரம், வேலை செய்யாது. குளோரி என்ற தாயத்து இருந்தால் 30 வரை தப்பிக்கலாம். சண்டை நின்று 10 நொடி ஆகும்வரை லாக் அவுட் செய்யவும் விடாது. அதாவது 19ஆம் லெவலில் நிற்பவருக்கும் 31ஆம் லெவலில் நிற்பவருக்கும் நடுவே உயிருக்கும் சாவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. அங்கே யாரையும் தாக்காமல் இருந்து செத்தால், கையில் இருந்தவற்றில் விலை அதிகமான 3 பொருட்கள் உங்களிடமே தங்கும். நீங்களாக முதலில் ஒருவரை அடித்தால் தலைக்கு மேல் மண்டையோடு வரும், அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆனால் உங்களை அடித்தவரைத் திருப்பி அடித்தால் மண்டையோடு வராது. இது தெரியாமல் பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர்.

அதே ரூன்ஸ்கேப்பில் இன்னொரு எச்சரிக்கை. முன்பின் தெரியாத ஒருவர் அன்பாகப் பேசி, வடக்கே ஒரு நல்ல இடம் இருக்கிறது, விலை உயர்ந்த ஆர்மரை (உடம்பில் அணியும் கவசத்தை)ப் போட்டுக்கொண்டு வாருங்கள், காட்டுகிறேன் என்று அழைத்தால் போகவே போகாதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அவருடைய ஆட்கள் காத்திருப்பார்கள்.

இரண்டாவது, கையில் என்ன கொண்டுபோகிறீர்கள் என்பது. பொருள் பறிபோகும் கேம்களில் ஒரே விதிதான்: இழந்தால் வருத்தப்படாத அளவுக்கு மட்டும் எடுத்துச் செல்லுங்கள். நடுத்தர ஆர்மரில் நான்கு செட் வைத்திருப்பவர், விலை உயர்ந்த ஒரே ஒரு செட் வைத்திருப்பவரைவிட நிம்மதியாகச் சண்டை போடுவார். பயம் இல்லாததால் கையும் நடுங்காது. சேகரித்த பொருளை ஒரே நடையில் கொண்டுவர ஆசைப்படாமல், பை பாதி நிறைந்ததும் பேங்குக்குத் திரும்புங்கள்.

பொருள் பறிபோகாத கேம்களில் கேள்வி வேறு: ஆர்மரில் எந்தப் புள்ளியைக் கூட்டுவது? புதியவர்கள் எப்போதும் அடியைக் கூட்டத்தான் பார்ப்பார்கள். என் கருத்தில் அது முதல் சில மாதங்களுக்குத் தவறான செலவு. ஸ்டன்னில் நிற்பவரின் அடி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, அவரால் அடிக்கவே முடியாதே. முதலில் உயிரையும் தற்காப்பையும் கூட்டுங்கள். பிவிபிக்கென்றே தனி ஆர்மர் தரும் கேம் என்றால், அதில் மிக மலிவான செட்கூட மான்ஸ்டருக்காகச் சேர்த்த நல்ல செட்டைவிட உங்களை அதிக நேரம் நிறுத்தி வைக்கக்கூடும். அதை முதலில் வாங்குங்கள்.

சரி, இப்போது விசைப்பலகைக்கு வருவோம். இதைச் சலிப்பான விஷயம் என்று தாண்டிப் போகாதீர்கள், புதியவர்கள் சாவதில் பாதி இங்கேதான் நடக்கிறது. வார்கிராஃப்டில் முன்னோக்கி ஓடினால் நொடிக்கு 7 கெஜம். எஸ் விசையை அழுத்திப் பின்னோக்கி நடந்தால் நொடிக்கு 4.5 கெஜம்தான். எதிராளி அருகே வந்ததும் பதறி எஸ் விசையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்பவர், அவரிடமிருந்து விலகுவதாக நினைத்துக்கொண்டு அவருக்கு வசதி செய்துகொடுக்கிறார். எஸ் விசையிலிருந்து அந்த வேலையை எடுத்துவிட்டு, அங்கே ஒரு தற்காப்புத் திறனை வையுங்கள். திரும்புவதற்கு மவுஸ், பக்கவாட்டில் நகர்வதற்கு இரண்டு விசைகள். விலக வேண்டுமென்றால் முழுதாகத் திரும்பி ஓடுங்கள்.

அப்புறம், திறன்களை மவுஸால் கிளிக் செய்வதை நிறுத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிக்கொள்ள வேண்டாம். நான்கே நான்கை விசைக்குக் கொண்டுவந்தால் போதும்: ஸ்டன்னிலிருந்து விடுபடுவது, அடியைக் குறைக்கும் கவசம், தூரம் தாண்டும் திறன், எதிராளி மந்திரம் ஓதுவதைத் தடுப்பது. இவை விரலுக்குப் பழகிய பிறகு மற்றவை தானாக வரும். கேம் சர்வர் தேர்வு செய்ய விட்டால் பிங், அதாவது தாமதம், குறைவானதை எடுங்கள். கால் நொடி தாமதத்தில் விளையாடுபவர், எதிராளி கால் நொடிக்கு முன் செய்ததைத்தான் திரையில் பார்க்கிறார்.

இப்போது ஒரு சண்டையைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். இப்போதைய வார்கிராஃப்ட், நீங்கள் மேஜ், அதாவது மந்திரவாதி, எதிராளி மறைந்து வரும் ரோக். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் வந்து சீப் ஷாட் அடிக்கிறார். 4 நொடி ஸ்டன். புதியவரின் கை உடனே கிளாடியேட்டர் மெடாலியனுக்குப் போகும். அது ஸ்டன்னை உடைக்கும், உண்மைதான். ஆனால் அதன் கூல்டவுன் 2 நிமிடம். ரோக் அதற்காகத்தான் காத்திருந்தார். அடுத்து கிட்னி ஷாட் என்ற இன்னொரு ஸ்டன் வருகிறது, அதோடு அவருடைய பர்ஸ்ட் முழுவதும் வருகிறது, உங்களிடம் மெடாலியன் இல்லை.

விஷயம் தெரிந்த மேஜ் முதல் ஸ்டன்னில் எதையும் அழுத்தாமல் தன் உயிர்ப் பட்டையைப் பார்ப்பார். மெதுவாக இறங்குகிறது என்றால் ரோக் இன்னும் பெரிய அடிகளை எடுக்கவில்லை என்று அர்த்தம். பொறுத்துக்கொள்வார். இரண்டாவது ஸ்டன் விழும்போது ஒரு விதி அவருக்கு உதவுகிறது: ஒரே வகைக் கட்டு அடுத்தடுத்து விழுந்தால் இரண்டாவது பாதி நேரம்தான் நிற்கும், தொடர்ந்தால் ஒரு கட்டத்தில் வேலையே செய்யாது. உயிர் சரசரவென்று இறங்கத் தொடங்கினால் அப்போது மெடாலியன். அதோடு அவர் நிறுத்துவதில்லை. ஃப்ராஸ்ட் நோவாவால் ரோக்கின் காலைத் தரையோடு உறைய வைத்து, பிளிங்க்கால் 20 கெஜம் தள்ளிப் போய், பனிக் கவசத்தைப் போட்டுக்கொள்கிறார். மெடாலியனை அழுத்திவிட்டு நின்ற இடத்திலேயே திருப்பி அடிக்கத் தொடங்குவது, அதை வீணாக்குவதற்குச் சமம். விடுபட்ட அந்த ஒரு நொடியில் நீங்கள் செய்யவேண்டியது தூரம் சம்பாதிப்பது மட்டும்தான்.

இதையே மற்ற கேம்களிலும் பொருத்திப் பார்க்கலாம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் ஸ்டன்னை உடைக்க ஸ்டாமினா, அதாவது உடல் வலு, செலவாகும். ஓடியும் உருண்டும் அதைத் தீர்த்துவிட்டவர் ஸ்டன் ஆனால் அப்படியே நின்று சாகவேண்டியதுதான். எனவே ஒருமுறை உடைப்பதற்கான ஸ்டாமினாவை எப்போதும் மிச்சம் வைக்க வேண்டும். கில்ட் வார்ஸ் 2இல் முழு சக்தி இருந்தால் இரண்டு முறை உருண்டு தப்பிக்கலாம், ஒரு உருளல் திரும்ப வர வழக்கமாக 10 நொடி. வருகிற ஒவ்வொரு அடிக்கும் உருண்டால் பெரிய அடி வரும்போது கையில் எதுவும் இருக்காது. ஃபைனல் ஃபேன்டசி 14இல் கார்ட் என்ற திறன் விழும் அடியை 90 சதவீதம் குறைக்கிறது. நான்கு பேர் ஒரே நேரத்தில் உங்கள் மேல் திரும்பும் நொடிக்காக அதை வைத்திருங்கள். கடைசித் தற்காப்பை முதல் பயத்தில் செலவழிக்காமல் இருப்பது, எனக்குத் தெரிந்தவரை, புதியவருக்கும் தேறியவருக்கும் நடுவே இருக்கும் மிகப் பெரிய இடைவெளி.

ஆனால் இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சேமித்துச் சேமித்து, மூன்று தற்காப்புகளையும் கையில் வைத்துக்கொண்டே சாகிறவர்களும் இருக்கிறார்கள். உயிர் 10 சதவீதத்தில் கவசம் போட்டு என்ன பயன்? அடுத்த அடி அதையும் தாண்டிவிடும். 60, 50 என்று இருக்கும்போதே, எதிராளி பெரிய அடியைத் தொடங்குவது தெரிந்ததும் போட்டுவிட வேண்டும். அந்தத் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க அவருடைய கிளாஸின், அதாவது அவர் தேர்ந்தெடுத்த பாத்திர வகையின், இரண்டு மூன்று அடையாளங்கள் தெரிந்தால் போதும்: உடல் ஒளிர்வது, இறக்கை முளைப்பது, உருவம் பெரிதாவது போன்றவை.

மந்திரம் ஓதுகிறவர்களுக்கும் அம்பு விடுகிறவர்களுக்கும் எதிராக இன்னும் எளிய வழி இருக்கிறது: அவர்கள் கண்ணிலிருந்து மறைவது. உங்களைப் பார்க்க முடியாவிட்டால் பெரும்பாலான மந்திரங்கள் உங்கள் மேல் விழாது. உங்களை ஆடாக மாற்றும் பாலிமார்ஃப் மந்திரத்தை ஓத ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். தூணுக்குப் பின்னால் ஓர் அடி எடுத்து வைக்க அதில் பாதி போதும். வெட்டவெளியில் நிற்பதைத் தவிருங்கள். மரம், பாறை, சுவர், படிக்கட்டு, எது பக்கத்தில் இருந்தாலும் சண்டை தொடங்கும் முன்பே அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். எதிராளி உங்களைத் தேடி அதைச் சுற்றி வந்தாக வேண்டும். அந்தச் சுற்றில் அவருடைய பர்ஸ்ட் நேரம் கரைகிறது.

நீங்களே மந்திரம் ஓதுகிறவர் என்றால் எதிராளி அதைத் தடுக்கத்தான் பார்ப்பார். தடுத்துவிட்டால் சில நொடிக்கு அந்த வகை மந்திரம் எதையும் ஓத முடியாது. அதனால் ஓதத் தொடங்குவது போல் தொடங்கி, பாதியில் நீங்களே நிறுத்துங்கள். அவர் தடையை வீணாக்கிவிட்டால், அடுத்ததை நிம்மதியாக ஓதலாம். முதலில் சிரமமாக இருக்கும், பழகினால் இதில் ஒரு தனி ருசி வந்துவிடும்.

குழுவாக மோதும் இடங்கள் புதியவருக்கு உண்மையில் நல்லவை. அங்கே உங்கள் உயிர் நீளும் ஒவ்வொரு நொடியும் மற்றவர்களுக்கும் பயன்படுகிறது. வார்கிராஃப்டின் அராதி பேசின் என்ற போர்க்களத்தில் ஐந்து தளங்கள். ஒரு தளத்தைப் பிடிக்க எதிரி கொடி அருகே சில நொடி தொந்தரவில்லாமல் நிற்க வேண்டும். ஒரு சிறு அடி விழுந்தாலும் அது அறுந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் தனியாகக் காவல் நிற்கிறீர்கள், மூன்று பேர் வருகிறார்கள். அவர்களைக் கொல்ல உங்களால் முடியாது, முயலவும் வேண்டாம். வருவது தெரிந்த உடனே, சண்டை தொடங்கும் முன், எந்தத் தளம், எத்தனை பேர் என்று சாட்டில் எழுதிவிடுங்கள். பிறகு கொடியைச் சுற்றி ஓடிக்கொண்டே, யார் கொடியில் கை வைக்கிறாரோ அவர் மேல் ஏதாவது ஒரு சின்ன அடி. இருபது நொடி இப்படி இழுத்தால் உங்கள் ஆட்கள் வந்துவிடுவார்கள். நீங்கள் கடைசியில் செத்தாலும் அந்தத் தளம் நிற்கும். கொலைக் கணக்கில் உங்கள் பெயருக்கு எதிரே பூஜ்யம்தான் இருக்கும், ஆனால் அந்த ஆட்டத்தில் உங்கள் அணிக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்காது.

குழுவில் ஹீலரைப் பார்க்கும் தூரத்திலேயே இருங்கள். பாதி உயிரோடு ஓடும் எதிரியைத் துரத்திக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். அவர் தன் ஆட்களை நோக்கித்தான் ஓடுகிறார். யாரை அடிப்பது என்று குழப்பமாக இருந்தால் உங்கள் அணியில் தேறியவர் அடிப்பவரையே நீங்களும் அடியுங்கள்.

பயிற்சிக்கு எங்கே போவது? ஆர்மர் வித்தியாசத்தை ஒதுக்கிவிடும் இடங்களில் தொடங்குங்கள். கில்ட் வார்ஸ் 2இன் பிவிபி போட்டிகளில் எல்லோரும் 80ஆம் லெவலாகவே நுழைவார்கள், பொருள் வித்தியாசமும் கிடையாது. அதன் கூடத்திலேயே அடித்துப் பழக பொம்மை எதிரிகள் நிற்கும். ஃபைனல் ஃபேன்டசி 14இலும் போட்டிகளில் ஆர்மரின் புள்ளிகள் கணக்கில் வராது. 2022இல் வந்த கிரிஸ்டலைன் கான்ஃப்ளிக்ட் ஐந்துக்கு ஐந்து, சில நிமிடத்தில் முடிந்துவிடும். தோற்றாலும் எதுவும் போகாது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் 50ஆம் லெவலுக்குக் கீழே உள்ளவர்களுக்கென்றே தனிப் போர்க்களம் வைத்திருக்கிறார்கள். வார்கிராஃப்டில் நண்பரோடு டூயல் போடலாம், உயிர் போகும் முன் நின்றுவிடும். உங்களை அதிகம் கொல்லும் கிளாஸ் எதுவோ அதை ஆடும் ஒருவரைப் பிடித்து, மெதுவாக ஒவ்வொரு திறனையும் உங்கள் மேல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் இப்படிச் செய்தால் மாதக்கணக்கில் செத்துக் கற்பதை முன்கூட்டியே கற்றுவிடலாம்.

காசு கொடுத்தால் பலம் விற்கும் கேம்களைப் பற்றி ஒரு வார்த்தை: அங்கே திறமையால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. பிவிபி கற்க அந்த மாதிரி கேமைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சாவது நடக்கும். செத்த உடனே வார்கிராஃப்டில் டெத் ரீகேப் என்ற பட்டன் வரும், கடைசியாக விழுந்த அடிகள் எவை, எவ்வளவு என்று காட்டும். கோபத்தில் அதை மூடிவிடாமல் படியுங்கள். பெரிய எண் ஒன்று தெரிந்தால் அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை தற்காப்பை அதற்காக வைத்திருங்கள். கொன்றவர் உங்கள் உடல் அருகிலேயே காத்திருந்தால், உடலுக்குச் சற்றுத் தள்ளியே எழுந்திருக்க முடியும் என்பதைப் பயன்படுத்தி, பாறைக்குப் பின்னாலோ மரத்துக்குப் பின்னாலோ எழுந்திருங்கள். அப்போது உயிர் முழுதாக இருக்காது, அதனால் சண்டைக்குத் திரும்பாமல் விலகிப் போங்கள். மூன்றாவது முறையும் அங்கேயே நின்றால் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுங்கள். இரை வராத இடத்தில் அவரும் நிற்க மாட்டார். சாட்டில் கேவலமாகப் பேசினால் பதில் எழுதாமல் பிளாக் செய்யுங்கள், எல்லை மீறினால் ரிப்போர்ட் செய்யுங்கள்.

கடைசியாக, எந்த கிளாஸை எடுப்பது என்ற கேள்வி தவறாமல் வரும். கற்கும் காலத்தில், தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளவும் கட்டிலிருந்து நழுவவும் தெரிந்த கிளாஸை எடுங்கள். வார்கிராஃப்டில் பாலடின் ஒரு நல்ல தேர்வு. கனமான ஆர்மர், சொந்தமாக ஹீல், அதோடு டிவைன் ஷீல்ட் என்ற திறனால் 8 நொடிக்கு அனேகமாக எந்த அடியும் ஏறாது. ட்ரூயிட் என்ற கிளாஸ் உருவம் மாறினால் காலைக் கட்டியிருக்கும் வேர்கள் அறுந்துவிடும், பூனையாகி மறைந்தும் போகலாம். மேஜ் ஆட ஆசை என்றால் ஆடுங்கள், ஆனால் மெல்லிய துணி உடுத்தும் கிளாஸ் என்பதால் மேலே சொன்ன நான்கு விசைகளும் அதற்கு இன்னும் சீக்கிரம் பழக வேண்டும். எதை எடுத்தாலும் அதிலேயே சில மாதம் இருங்கள். வாரத்துக்கு ஒரு கிளாஸ் மாற்றுகிறவருக்கு எந்த விசையும் விரலில் தங்காது.